முதுகு தெரியும் இருபத்திரண்டு நொடி

சகாகி அதிகம் பேச மாட்டார். அவருக்குத் தமிழில் வசனம் எழுதும் தமயந்திக்கு அதுதான் தலைவலி.

டோக்கியோவில் ஒரு சலவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் துப்பறிவாளர் அவர். ஐம்பது வயது, கசங்கிய கோட்டு, பிளாஸ்க் நிறைய பார்லித் தேநீர். ஒவ்வொரு வழக்கும் முடிந்ததும் மேஜை விளக்கை அணைப்பார். தொடரின் பெயரே ‘இரண்டாம் மாடி விளக்கு’. நடிகர் என்று யாரும் கிடையாது. முகம், நடை, கதை எல்லாவற்றையும் ஒரு இயந்திரம் வாரா வாரம் செய்து அனுப்பியது. செவ்வாய்க்கிழமை படம் சாலிகிராமத்து ஸ்டுடியோவுக்கு வரும். புதன்கிழமை தமயந்தி எழுதுவாள். வியாழக்கிழமை எபினேசர் பேசுவார். ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தமிழ்நாடு பார்க்கும்.

“இந்த ஆளு நடக்கிறாரு, நிக்கிறாரு, டீ குடிக்கிறாரு. என்னைப் பேசறதுக்குக் கூப்பிட்டீங்களா மேடம், மூச்சு விடறதுக்கா?” என்பார் எபினேசர். முப்பது வருஷமாக அடுத்தவர் வாயில் பேசி வருபவர்.

ஐந்து நொடிக்கு மேல் சத்தம் இல்லையென்றால் நம் ஆட்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள் என்பது தொலைக்காட்சிக்காரர்களின் கணக்கு. அதற்கு டப்பிங்கில் ஒரு பழைய வழி உண்டு. பாத்திரம் முதுகு காட்டி நின்றால் உதடு தெரியாது. அங்கே எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். தமயந்தி அதை முதுகு வசனம் என்பாள்.

மூன்றாம் பகுதியில் சகாகி ஒரு பாலத்தின் மேல் முதுகு காட்டி நின்றார். இருபத்திரண்டு நொடி. மூலத்தில் அந்த இடம் காலி. தமயந்தி அதிகம் யோசிக்காமல் நிரப்பினாள்:

“பத்தொன்பது வயதுப் பெண். மஞ்சள் சுடிதார். ரயில்வே கேட் வரைக்கும் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. நான் கண்டுபிடிக்காமல் விட்ட ஒரே ஆள் அவள்தான்.”

பேசி முடித்துவிட்டு எபினேசர் ஹெட்போனைக் கழற்றினார். “யாரு மேடம் இது?”

“சும்மா. முதுகு வசனம்.”

சும்மா அல்ல. விருதுநகருக்குப் பக்கத்து ஊரிலிருந்து இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன அவளுடைய தங்கை முத்துச்செல்வி அது. தமயந்தி எத்தனையோ போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்கியிருக்கிறாள், எத்தனையோ ஊரில் பிணவறைக்கு வெளியே நின்றிருக்கிறாள். ஒரு துப்பறிவாளர் வாயில் அவளைப் பற்றி ஒரு முறை சொல்ல வைத்ததில் ஏதோ ஒரு ஆறுதல் இருந்தது. அத்தோடு மறந்துவிட்டாள்.

ஒன்பதாம் பகுதி வந்த செவ்வாய்க்கிழமை, மூலத்தில் இல்லாத ஒரு காட்சி தமிழுக்கென்று தனியாக வந்தது. சகாகி மேஜையில் ஒரு இந்திய வரைபடத்தை விரித்து, விருதுநகரின் மேல் விரலை வைத்தார். “மஞ்சள் சுடிதார்ப் பெண்ணை நான் மறக்கவில்லை,” என்றார்.

தமயந்தி டோக்கியோவுக்கு அழைத்தாள். அங்கே தமிழ்ப் பதிப்புக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்த கிருபாகரன் தூத்துக்குடிப் பையன்.

“இது எங்கேயிருந்து வந்துச்சு கிருபா?”

“நீங்க கொடுத்ததுதான் அக்கா. திங்கக்கிழமை தோறும் டப்பிங் வசனம் எல்லாம் திரும்ப அதுக்குள்ள போகும். பார்க்கிறவங்க காதுல என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியணும்ல. அது எழுதினதா, நீங்க எழுதினதாங்கிற வித்தியாசமே அதுக்குக் கிடையாது. சகாகி சொன்னா சொன்னதுதான். ஆரம்பிச்ச எந்தக் கதையையும் பாதில விடக் கூடாதுன்னு அதுக்கு உத்தரவு.”

“ஜப்பான்ல உக்காந்துகிட்டு விருதுநகர்ல எப்படித் துப்பறியும்?”

“பழைய பேப்பர், அரசு அறிவிப்பு, கல்லூரி மலர், யாரோ எப்பவோ ஏத்தின போட்டோ, எல்லாத்தையும் படிக்கும். பொதுவுல கிடக்கிறதை மட்டும்தான். தமிழ்ல பார்க்கிறவங்க கூடிட்டாங்க அக்கா, அதான் மொழிக்கு ஒரு காட்சின்னு விட்டிருக்காங்க. சந்தோஷமா இருங்க.”

அவள் சந்தோஷப்படவும் செய்தாள். போலீஸ் செய்யாததை ஒரு நாடகம் செய்யட்டுமே என்று தோன்றியது. அந்த ஞாயிறு ஒளிபரப்பு முடிந்து பத்து நிமிஷத்தில் வளசரவாக்கத்து வீட்டில் தொலைபேசி அடித்தது. அம்மா சொர்ணத்தின் தம்பி, ஊரில் இருக்கும் செல்லையா மாமா.

“அக்கா, அந்த ஜப்பான்காரன் நம்ம பிள்ளையத் தேடுறானாமே? டீக்கடை பூராம் இதே பேச்சு.” சிரித்தார். “தேடட்டும். அவன் கண்டுபிடிச்சான்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. நான் குடுத்த ‘காணவில்லை’ விளம்பரம் இன்னும் அப்படியேதானே நிக்கிது. கூட்டிட்டு வர வேண்டியது என் பொறுப்பு.”

சொர்ணம் ரிசீவரை வைத்தாள். வாசல் கதவைத் தாழிட்டு, மறுபடி போய்ச் சோதித்ததை வயதின் மறதி என்று தமயந்தி நினைத்தாள்.

பன்னிரண்டாம் பகுதி முழுக்க அண்மைக் காட்சி. சகாகியின் முகம் திரையை நிறைத்தது. உதட்டின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தது. தமயந்தி ஜப்பானிய வசனத்தின் தமிழ் உரையை எடுத்துப் படித்தாள்.

“அவள் சாகவில்லை. மஞ்சளில் கிளம்பினாள், பச்சையில் போய்ச் சேர்ந்தாள். கரக்பூரில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், தையல் கடை வைத்திருக்கிறாள். கேட்டருகே அவளுக்காகக் காத்திருந்தவள் அவளுடைய தாய்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தாள். கூடவே வந்த ஆதாரக் குறிப்பைத் திறந்தாள்.

முதலில் பத்திரிகை விளம்பரத்தில் வந்த செல்வியின் படம். அடுத்து வங்காளத்துக் கரக்பூரில் ஏதோ ஒரு பெண்கள் தையல் பயிற்சி மையத்தின் பழைய மலரிலிருந்து ஒரு குழுப் படம். இரண்டாம் வரிசையில், ஓரத்தில், ஒட்ட வெட்டிய முடியோடு ஒரு பெண். முகத்தை இயந்திரம் பொருத்திக் காட்டியிருந்தது. தமயந்திக்கு அந்தப் பொருத்தம் தேவைப்படவில்லை. அவள் பார்த்தது சுடிதாரை. பச்சை நிறம். கழுத்தில் வெள்ளை நூலில் இரண்டு மாங்காய்; இடது பக்கத்து மாங்காய் பாதியில் நின்றிருந்தது. அது தமயந்தியின் சுடிதார். அவளே தைக்க ஆரம்பித்து, நூல் தீர்ந்து, அப்படியே பெட்டியில் போட்டு, பிறகு காணாமல் போனது.

மூன்றாவதாக ஒரு பட்டியல். அதைப் புரிந்துகொள்ள அவள் கிருபாகரனை அழைக்க வேண்டியிருந்தது.

“அந்தப் பாலத்துக் காட்சி இருக்குல்ல அக்கா, மூணாம் பகுதி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவங்க யாருன்னு அது எண்ணியிருக்கு. சாதாரணமா ஒரு தடவை, ரெண்டு தடவை. நாலு லட்சம் பேர்ல ரெண்டே கணக்கு மட்டும் வேற மாதிரி. ஒண்ணு கரக்பூர், இருநூத்திப் பதினாலு தடவை. இன்னொண்ணு சென்னை, வளசரவாக்கம். அறுபத்தோரு தடவை. எல்லாமே பகல் பதினோரு மணிக்கு. இவ்வளவு தடவை பார்க்கிறது பெத்தவளாத்தான் இருக்கணும், உடுப்பு மாத்தி அனுப்பினதும் அவங்கதான்னு அதுவே முடிவு கட்டியிருக்கு.”

“வளசரவாக்கத்துல எங்கே?”

“எனக்குத் தெரு எல்லாம் தெரியாது அக்கா. ஊர் மட்டும்தான் காட்டும்.”

அவளுக்குத் தெரிந்தது. பகல் பதினோரு மணிக்கு அவள் ஸ்டுடியோவில் இருப்பாள். வீட்டில் அம்மா மட்டும்தான்.

“இது நம்மளைப் பார்த்துக்கிட்டு இருக்கா கிருபா?”

“பார்க்கிறவங்களை அது பார்க்கும்னு கையெழுத்துப் போட்டுத்தானே அக்கா எல்லாரும் சேர்றோம். யாரு படிச்சா?”

சொர்ணம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தமயந்தி மொபைலில் இருந்த குழுப் படத்தை அவள் முன்னால் வைத்தாள். கத்தி நின்றது.

“இருக்காளா?” என்றாள் சொர்ணம். இருபத்தேழு வருஷம் அந்தக் கேள்வியைத் தமயந்திதான் எல்லோரிடமும் கேட்டிருந்தாள்.

“நீதான் அனுப்பினியா?”

“ரயில்வே கேட்டுக்கிட்ட நின்னு உன் பச்சைச் சட்டைய மாத்த வச்சு, முடிய வெட்டிவிட்டு, அந்தப் பக்கம் மதுரை பஸ் ஏத்தினேன். கம்மலைக் கழட்டிக் குடுத்தேன். எங்க போறன்னு எனக்கே சொல்லாதேன்னேன். பஸ் ஏறுறப்போ திரும்பிப் பாக்காதேன்னேன், அவ பாக்கல. முதுகைத்தான் கடைசியா பாத்தேன்.”

“ஏன்மா? நான் எத்தனை பிணத்தைப் போய்ப் பார்த்தேன் தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“அப்போ ஏன் சொல்லல?”

சொர்ணம் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். “அந்தோணிராஜ் பயலும் அவளும் கேட்டுப் பக்கத்துல பேசிக்கிட்டு இருக்காகன்னு மாமாகிட்ட யாரு சொன்னா?”

சொன்னது தமயந்திதான். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. மாமா விளையாட்டாகக் கேட்டார், அவள் விளையாட்டாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்தோணிராஜ் தண்டவாளத்தில் கிடந்தான். காதல் தோல்வி என்று ஊர் பேசிக்கொண்டது.

“அவன் தானா விழல,” என்றாள் சொர்ணம். “சட்டையில ரத்தத்தோட என் தம்பி என் கிணத்தடிலதான் வந்து குளிச்சான். அடுத்தது உன் மகதான்னு சொல்லிட்டே குளிச்சான். உன்னைக் குத்தம் சொல்லலத்தா, நீ சின்னப் புள்ள. ஆனா உனக்குத் தெரிஞ்சா நீ போய்ப் பாப்ப. உன் பின்னாடி அவன் போவான். இன்னைக்கும் போவான்.”

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. இருவரும் அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். தமயந்தி எல்லாவற்றையும் சொன்னதும், காட்சியை எடுக்கலாமா என்று கிருபாகரன் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தான். பெயர் சொல்லவில்லை, முகவரி சொல்லவில்லை, ஆகவே தவறில்லை என்று பதில் வந்தது. கரக்பூரில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், தமிழ் பேசும் ஒரு பெண் வைத்திருக்கும் தையல் கடையைக் கண்டுபிடிக்க செல்லையாவுக்கு ஒரு நாள் போதும்.

“காட்சியை என்னால வெட்ட முடியாது அக்கா,” என்றான். “ஆனா வசனம் உங்க கையில. மூலத்தோட ஒத்துப் போகுதுன்னு கையெழுத்துப் போடுறது நான்தான்.”

புதன்கிழமை முழுக்க அவள் சகாகியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘கரக்பூர்’ என்னும்போது உதடு ஒரு முறை ஒட்டியது. அங்கே ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும். பன்னிரண்டு நொடி, ஏழு இடத்தில் ஒட்டும் உதடு. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே தங்கையின் சாவை அவள் அளந்து அளந்து எழுதினாள்.

“அவள் பிழைக்கவில்லை. மஞ்சளில் போனவள் மஞ்சளிலேயே முடிந்துபோனாள். பாலத்துக்குக் கீழே, அன்றைக்கே, ஆற்றோடு போய்விட்டாள். தாயிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

வியாழக்கிழமை எபினேசர் அதை ஒரே மூச்சில் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தமயந்தி அழுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“முதுகு வசனத்துல வந்த பொண்ணா மேடம்?”

அவள் தலையசைத்தாள்.

“உங்க ஆளா?”

அதற்கும் தலையசைத்தாள். அவர் வசனத் தாளை மறுபடி கையில் எடுத்தார். “இன்னொரு தடவை பேசிடறேன்,” என்று உள்ளே போனார். “‘போய்விட்டாள்’ங்கிறது கொஞ்சம் நடிப்பா விழுந்துடுச்சு. நம்பணும்ல.”

ஞாயிறு ஏழே முக்காலுக்கு செல்லையா அழைத்தார். “கேட்டியா அக்கா?” சொர்ணம் பதிலுக்கு ஓலமிட்டாள். என்ன சொல்லி அழ வேண்டும் என்று மகள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்; அதில் ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை. வெறும் சத்தம்தான் வந்தது. “சரி விடு. விதி முடிஞ்சு போச்சு,” என்று செல்லையா வைத்துவிட்டார். இருபத்தேழு வருஷத்தில் முதல் முறையாக அவர் குரலில் தேடல் இல்லை.

அன்று அம்மாவும் மகளும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதின்மூன்றாம் பகுதி வந்தது. தமிழுக்கென்று வந்த காட்சியில் சகாகி நேராகக் கேமராவைப் பார்த்தார். தமயந்தி உரையைப் படித்தாள்.

“இறந்து போனவள், போன ஞாயிற்றுக்கிழமை என்னை முப்பத்தொரு முறை பார்த்தாள்.”

கீழே அடுத்த வரி. “அவள் இறந்துவிட்டதாகச் சொன்னால் யாருக்கு நன்மை?”

கிருபாகரனின் குரலும் மாறியிருந்தது. “கரக்பூர்க் கணக்கு நிக்கவே இல்லை அக்கா. தான் செத்துட்டதா சொல்ற காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க பார்க்கப் பார்க்க அதுக்குத் துப்பு போய்க்கிட்டே இருக்கு.”

“வாரா வாரம் நான் மாத்தி எழுதறேன்.”

“எத்தனை வாரம்? பதினாறோட இந்தத் தொகுதி முடியுது. அடுத்ததுலேருந்து டப்பிங்கே கிடையாது, அதுவே தமிழ்ல பேசும். எபினேசர் அண்ணன் குரலை எடுத்துக்கும். உதட்டையும் தமிழுக்கே அசைக்கும். அப்போ நீங்களும் இல்ல, நானும் இல்ல.”

“வேற வழி?”

“ரெண்டு வாரம் புதுசா எதுவும் வரலைன்னா அந்தக் கதையை மூடிரும். ஆனா அவங்க பார்க்கிறதை நிறுத்தணும். அவங்ககிட்ட யாரு சொல்றது? எனக்கு முகவரியும் தெரியாது, நம்பரும் தெரியாது.”

செல்விக்குச் சேதி போக ஒரே ஒரு பாதைதான் இருந்தது. அதில் எதைச் சொன்னாலும் செல்லையாவும் கேட்பார்.

சகாகியின் நேர் வசனத்தை அவள் எளிதாக மாற்றினாள். அந்த வார வழக்கைப் பற்றி ஏதோ இரண்டு வரி. பிறகு படத்தை ஓட்டி, சகாகி முதுகு காட்டும் இடத்தைத் தேடினாள். இருந்தது. அதே பாலம். அந்த இயந்திரத்தின் பழக்கம் போலும், அதே இருபத்திரண்டு நொடி மௌனம்.

இருபத்தேழு வருஷத்துக்குச் செல்வியிடம் சொல்ல வேண்டியவை நிறைய. மன்னித்துவிடு. நான்தான் சொன்னேன். அம்மா இருக்கிறாள். உனக்குக் குழந்தைகள் உண்டா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியில் மிஞ்சியதை எபினேசர் மெதுவாக, யாரோ பக்கத்தில் தூங்குவதுபோலப் பேசினார்.

“இரண்டு மாங்காயில் ஒன்று பாதியில் நிற்கிறது. தைத்தவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டாள், அது போதும். இனி என்னைப் பார்க்காதே. விளக்கை அணைத்துவிடு.”

கடைசி வார்த்தை விழுந்ததும் சகாகி பாலத்திலிருந்து நகர்ந்தார். ஒலிப்பதிவாளர், “என்ன சார், ஒண்ணுமே புரியலையே,” என்றார். “ஜப்பான் கதை, அப்படித்தான் இருக்கும்,” என்றார் எபினேசர்.

ஞாயிறன்று ஒளிபரப்பானது. திங்களன்று கிருபாகரன் அழைத்தான்.

“ஒரே ஒரு தடவை பார்த்திருக்காங்க அக்கா. அந்தப் பாலத்துக் காட்சில நிறுத்தி வச்சிருக்காங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணி பதினொரு நிமிஷம். அப்புறம் கணக்கையே மூடிட்டாங்க.”

அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. பதினான்காம் பகுதி வந்தது, பதினைந்து வந்தது. கரக்பூரிலிருந்து ஒன்றும் இல்லை. பதினாறில், தமிழுக்கென்று வந்த காட்சியில், சகாகி விருதுநகர் வரைபடத்தை மடித்து இழுப்பறையில் வைத்து, விளக்கை அணைத்தார். பேசவில்லை. தமயந்தியும் எதையும் நிரப்பவில்லை. ஒன்பது நொடி அப்படியே மௌனமாகப் போனது. எபினேசர் வேலை இல்லாமலேயே அன்று ஸ்டுடியோவுக்கு வந்து, கடைசிவரை ஹெட்போனோடு நின்றார்.

அந்த ஞாயிறு ஒளிபரப்பு முடிந்ததும் தமயந்தி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சேதி போய்ச் சேர்ந்ததை, அவள் நிறுத்தி வைத்ததை, மூடியதை.

“நாலு மணி நேரமா?” என்றாள் சொர்ணம். “படத்தை நிறுத்தி வச்சா டிவில என்னத்தா தெரியும்?”

“அந்த ஆளோட முதுகு.”

சொர்ணம் ரிமோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மகளிடமே நீட்டினாள்.

“எனக்கும் அதுதான் கிடைச்சுது,” என்றாள்.